முதியோர் இல்லத்தில் ஏன் விழுகிறார்கள்? "வழுக்கிட்டாங்க" என்ற பதிலைத் தாண்டி ஓர் எளிய விளக்கம்

முதியோர் இல்லத்திலிருந்து போன் வருகிறது. "அம்மா விழுந்துட்டாங்க." எப்படி என்று கேட்டால் "பாத்ரூம் போகும்போது வழுக்கிட்டாங்க" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு திசைமாறிவிடும். வீட்டில் ஒருவர் "இவ்வளவு பணம் வாங்குறாங்க, பார்த்துக்க ஒரு ஆள் கூடவா இல்ல" என்று கொதிப்பார். இன்னொருவர் "வயசானா விழத்தான் செய்வாங்க, விடு" என்று ஆறுதல் சொல்வார். ஏன் விழுந்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அடுத்த மாதம் அதே அம்மா, ஏறக்குறைய அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடி விழுவார்.

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. மூன்று வாரத்தில் இரண்டு முறை. முதல் முறை முழங்கையில் சிராய்ப்பு, இரண்டாவது முறை நெற்றியில் நான்கு தையல். அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்கவும், கண்ணில் பட்ட நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லோரையும் கேள்வி கேட்கவும் ஆரம்பித்தேன். விழுவது ஒரு நொடியில் நடந்துவிடுகிறது, ஆனால் அதற்கான காரணங்கள் பல நாளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன, அவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும் என்று அப்போதுதான் புரிந்தது. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி அதை இங்கே எழுதுகிறேன்.

## எதை "விழுதல்" என்று கணக்கில் எடுப்பது?

அடிபட்டால்தான் விழுந்ததாகக் கணக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையில் அடி என்ற பேச்சே இல்லை. ஒருவர் தான் நினைக்காமலேயே தரையிலோ, இருந்த இடத்தைவிடத் தாழ்வான வேறோர் இடத்திலோ போய்ச் சேர்ந்தால் அது விழுதல். கட்டிலிலிருந்து மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாலும் விழுதல்தான். அமெரிக்க முதியோர் இல்லங்களுக்கான விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: சாயும்போது ஊழியர் பிடித்துக்கொண்டதால் தரையைத் தொடவில்லை என்றாலும் அதை விழுந்ததாகவே எழுத வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் தரையில் கிடந்தால், வேறு காரணம் தெரியாதவரை அதுவும் விழுதல்.

ஏன் இவ்வளவு கறார்? "மெதுவாத்தான் உட்கார்ந்தாங்க, ஒண்ணும் ஆகல" என்று எழுதாமல் விட்ட அந்தச் சின்ன விழுதல்தான் பெரிய விழுதலுக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயம். எழுதப்படாத எச்சரிக்கையை யாரும் படிக்க முடியாது.

உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சொந்த வீட்டில் வாழும் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். முதியோர் இல்லங்களில் இது இருவரில் ஒருவர் என்ற அளவுக்குப் போகிறது. இதைப் பார்த்து இல்லங்கள்தான் விழ வைக்கின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தனியாகச் சமாளிக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள்தான் அங்கே சேர்கிறார்கள், ஆகவே எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். சொல்லப்போனால் "எங்க இல்லத்துல யாருமே விழுந்ததில்ல" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அங்கே யாரையுமே எழுந்து நடக்க விடுவதில்லையோ என்று தோன்றும்.

## நிற்பதும் ஒரு வேலைதான்

உள்ளங்கையில் ஒரு நீளமான குச்சியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். குச்சி சும்மா நிற்காது. அது சாயும் பக்கமெல்லாம் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கண் அதன் மேலேயே இருக்க வேண்டும், ஒரு நொடி கவனம் சிதறினால் குச்சி கீழே. நாம் நிற்பதும் இப்படித்தான். உடலின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிக்கு எடை மையம் என்று பெயர், நிற்கும்போது அது அடிவயிற்றுப் பக்கம் இருக்கும். இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்தது தாங்குபரப்பு. எடை மையம் தாங்குபரப்புக்கு மேலே இருக்கும்வரை நிற்போம். வெளியே போய்விட்டால், ஒரு எட்டு எடுத்து வைத்துத் தாங்குபரப்பை நகர்த்த வேண்டும், அல்லது எதையாவது பிடிக்க வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் விழ வேண்டும்.

இந்த வேலைக்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது: கண்கள், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, அப்புறம் பாதமும் மூட்டுகளும் தரும் தொடு உணர்வு. மூளை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் தசைகளுக்கு உத்தரவு போடுகிறது. வயதாகும்போது கண் மங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது (சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அதிகமாக), மூளை கொஞ்சம் தாமதிக்கிறது, உத்தரவு வந்தாலும் தசைக்குப் பழைய வேகம் இல்லை. இளையவருக்குத் தன்னையறியாமல் நடக்கும் இந்த வேலை முதியவருக்குக் கவனம் கொடுத்துச் செய்ய வேண்டியதாகிவிடுகிறது.

ஸ்வீடனில் செய்து 1997-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. பராமரிப்பு விடுதியில் வசித்த 58 முதியவர்களோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களில் 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். நடந்துகொண்டே பேச அவர்களுக்கு வரவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். இதைப் படித்த பிறகு, நடக்கும் முதியவரிடம் பின்னாலிருந்து "சாப்டாச்சா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். முன்னால் போய், அவர் நின்ற பிறகு பேசுகிறேன்.

## உண்மையில் வழுக்கித்தான் விழுகிறார்களா?

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! வழுக்கி விழலாம், தடுக்கி விழலாம், இடித்து விழலாம், தடுமாறி விழலாம், மயங்கிச் சரியலாம். ஆனால் போனில் வருவது பெரும்பாலும் "வழுக்கி" மட்டும்தான். விழுந்தவருக்கே பல சமயம் நினைவிருக்காது, பார்த்தவர் யாரும் இல்லை, ஆகவே யூகமே பதிலாகிவிடுகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆய்வாளர்கள் யூகத்தை விட்டுவிட்டு வீடியோவைப் பார்த்தார்கள். இரண்டு பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 2013-இல் வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தது வெறும் 3 சதவீதம். தடுக்கி விழுந்தது 21. முதலிடம் 41 சதவீதத்தோடு தடுமாற்றத்துக்கு, அதாவது உடலின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கோ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கோ மாற்றும்போது கணக்குத் தப்பிப்போவது. மீதியில், எதன்மீதாவது இடித்துக்கொண்டது, பிடிமானம் நழுவியது, அப்படியே சரிந்தது, ஒவ்வொன்றும் 11 சதவீதம். நடக்கும்போது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் உட்காரப் போகும்போதும் கணிசமானோர் விழுந்திருந்தார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: கேமரா குளியலறையில் இல்லை, ஈரத்தரை வழுக்கல் இந்தக் கணக்கில் குறைவாகவே வந்திருக்கும். ஆனாலும் எனக்கு இந்த எண்கள் பெரிய திறப்பு. ஏனென்றால் தரையைத் துடைத்து வழுக்காத பாய் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், தடுமாறி விழும் அந்தப் பெரும் கூட்டத்தை நாம் தொடவே இல்லை.

இதுவரை பார்த்தது: நிற்பது ஓயாத வேலை. வயதாகும்போது அதற்கான தகவலும் வேகமும் குறைகின்றன. பல விழுதல்களில் குற்றவாளி தரை அல்ல, திரும்பும்போதும் எழும்போதும் உட்காரும்போதும் தப்பிப்போகும் எடைக் கணக்குதான்.

## அதிகாலை நான்கு மணி

ஒரு விழுதலை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். 84 வயது அம்மா ஒருவர். அதிகாலை நான்கு மணிக்குச் சிறுநீர் முட்டி எழுகிறார். முந்தைய இரவு போட்ட தூக்க மாத்திரை இன்னும் முழுக்க இறங்கவில்லை. மணி அடித்தால் ஆள் வரும், ஆனால் ஒரு பெண் இருபது பேரைப் பார்த்துக்கொள்கிற நேரம் அது, வர ஐந்து நிமிடம் ஆகும், படுக்கை நனைந்துவிடும், அந்த வெட்கத்துக்கு விழுவதே மேல் என்று அவருக்குத் தோன்றும். கண்ணாடி மேசையில் இருக்கிறது, இருட்டில் தேடுவதில்லை. செருப்பின் பின்பக்கம் மடங்கித் தட்டையாகிக் கிடக்கிறது, அதில் பாதி குதிகால்தான் நுழைகிறது. சட்டென்று எழுகிறார், தலை கிறுகிறுக்கிறது. வாக்கர் கட்டிலின் மறுபக்கத்தில் இருக்கிறது, ராத்திரி பெருக்கும்போது யாரோ நகர்த்தியது. அதை எடுக்க இடுப்பை மட்டும் திருப்புகிறார், கால் திரும்பவில்லை. கை நீள்கிறது, வாக்கருக்கு நாலு விரல் தூரத்தில் காற்றைப் பிடிக்கிறது.

காலையில் பதிவேட்டில் எழுதுவார்கள்: "பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்தார்."

இதில் எது காரணம்? மாத்திரையா, இருட்டா, செருப்பா, வாக்கரா, ஆள் பற்றாக்குறையா? கையில் பணம் நிறைய இருப்பவருக்கு எதிர்பாராத செலவு இரண்டு வந்தாலும் சமாளித்துவிடுவார். கையிருப்பு கரைந்தவருக்குச் சின்னச் செலவு வந்தாலே கடன். முதியவரின் சமநிலையும் இப்படி ஒரு கையிருப்பு. மேலே சொன்ன ஒவ்வொன்றும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. கடைசியாக எடுத்தது வாக்கர் என்பதால் முழுப் பழியும் அதன்மேல் விழுகிறது. ஆனால் நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்றைச் சரிசெய்தாலே அந்த இரவு அவர் நின்றிருப்பார்.

## கையிருப்பைக் கரைப்பவை

முதலில் மாத்திரைகள், ஏனென்றால் இது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மனச்சோர்வுக்கான மருந்து, மறதி நோய் உள்ளவரை அமைதிப்படுத்தக் கொடுக்கும் மனநல மருந்து, கடுமையான வலி மருந்து, பிரஷர் மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, எல்லாமே விழும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. சில மூளையை மந்தமாக்குகின்றன, சில ரத்த அழுத்தத்தைத் தேவைக்கு மேல் இறக்குகின்றன, நீர் மாத்திரையைத் தப்பான நேரத்தில் கொடுத்தால் ராத்திரி நான்கு முறை எழ வைக்கிறது. ஒவ்வொரு மாத்திரையையும் ஏதோ ஒரு டாக்டர் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காக எழுதியிருப்பார், ஆனால் மொத்தப் பட்டியலையும் ஒரே ஆள் உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேளுங்கள். அதற்காக நாமே நிறுத்திவிடக் கூடாது. சில தூக்க மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது அந்தக் கிறுகிறுப்பு. படுத்திருந்தவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடம்பு உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகப்படுத்தி, மூளைக்குப் போகும் ரத்தத்தைக் காப்பாற்றும். முதியவர்களில் பலருக்கு இது தாமதமாகிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது, கண் இருட்டுகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ, கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் அதற்கு எழுநிலை ரத்த அழுத்தச் சரிவு என்று பெயர். உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது மாட்டவே மாட்டாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். செலவே இல்லாத சோதனை, ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். சாப்பிட்ட பிறகும் சிலருக்கு இதேபோல் அழுத்தம் இறங்கும், ஆகவே சாப்பாட்டு மேசையிலிருந்து எழும் நேரமும் கவனிக்க வேண்டிய நேரம்தான்.

தசை இன்னொன்று. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டிருந்தது. ஒரு காய்ச்சலோ ஆஸ்பத்திரி வாசமோ முடிந்து திரும்பி வந்தவர் "முன்னாடி நல்லாத்தானே நடந்தாங்க" என்று நாம் நினைக்கும் அதே ஆள் இல்லை. அந்த முதல் சில வாரங்களும், புதிதாக இல்லத்தில் சேர்ந்த முதல் சில வாரங்களும் ஆபத்தானவை.

திடீர் மனக்குழப்பமும் உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. இது நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று ஆளைத் தெரியாமல் விழிப்பது. தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து என்று இதற்குப் பின்னால் ஏதோ ஓர் உடல் காரணம் இருக்கும். திடீரென்று அடிக்கடி விழ ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

செருப்பு, வெளிச்சம், கண்ணாடி, கட்டில் உயரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக ஒரே கண்ணாடி போட்டிருப்பவர் கீழே பார்க்கும்போது கிட்டத்தில் படிப்பதற்கான பகுதி வழியாகப் பார்ப்பார், படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும்.

## "அப்போ கட்டிப்போட்டுடலாமே?"

பயத்தில் கேட்கும் கேள்வி இது, கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெல்ட் போட்டு நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவது, எழ முடியாதபடி முன்னால் பலகை மாட்டுவது, கட்டிலின் இருபுறமும் கம்பியை ஏற்றிவிடுவது, இவை எல்லாமே கட்டுப்படுத்தும் சாதனங்கள். ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் சாதாரணமாக இருந்தவை. ஆனால் 1992-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டிவைக்கப்பட்டவர்களுக்கு விழுந்து பலத்த காயம் ஏற்படுவது குறையவில்லை என்றும், இன்னும் அதிகமாகவே இருந்தது என்றும் காட்டியது.

யோசித்தால் ஆச்சரியமில்லை. கட்டினால் நடப்பதில்லை, நடக்காவிட்டால் தசை கரைகிறது, கட்டை அவிழ்த்த அன்று நிற்கவே தெம்பில்லை. சிறுநீர் கழிக்கும் அவசரமும் தவிப்பும் கட்டினால் போய்விடாது, ஆகவே அவிழ்த்துக்கொள்ளப் போராடுவார்கள், நாற்காலியோடு சாய்வார்கள். பக்கக் கம்பி இருந்தால் அதன் மேலேறிக் குதிப்பார்கள், கட்டில் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்துகொள்ளும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிக்கொள்வதும் உண்டு: 1985 முதல் 2009 தொடக்கம்வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இப்படி 803 சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டன, 480 பேர் இறந்திருந்தார்கள். பாதுகாப்புக்கு என்று மாட்டிய கம்பி அது. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியோர் இல்லவாசிகளைக் கட்டிவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

எழுந்தால் கத்தும் அலாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 27,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளைக் கொண்டு ஓர் அமெரிக்க மருத்துவமனையில் சோதித்தார்கள், 2012-இல் முடிவு வந்தது, விழுவது குறையவில்லை. அலாரம் அடிக்கும்போது அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார் அல்லவா.

சுருக்கமாக: கையிருப்பைக் கரைப்பவை பல, அவற்றில் மருந்தும் எழும்போது இறங்கும் பிரஷரும் நம் கண்ணில் படாதவை. கட்டிவைப்பது கையிருப்பை இன்னும் வேகமாகக் காலி செய்கிறது.

## எதைச் செய்தால் குறைகிறது?

நடக்கவைத்தால்தான் குறைகிறது. கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களில் முதியவர்களுக்கு வாரம் இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவில், பயிற்சி செய்தவர்கள் விழுவது மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைக் காலை ஆட்டும் சடங்குப் பயிற்சி அல்ல இது. தசைக்கு உண்மையிலேயே வேலை வைக்கும், ஆள் பக்கத்தில் இருந்து செய்யவைக்கும் பயிற்சி. நிறுத்தினால் பலனும் போய்விடும்.

இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காரணம் தேடுவது. இங்கிலாந்தில் 84 பராமரிப்பு இல்லங்களில், ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் மருந்து, பார்வை, நடை, அறை, பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து, கண்டதற்கு ஏற்ப மாற்றங்கள் செய்யவைத்தார்கள். நான்கு முதல் ஆறாம் மாதம்வரையான காலத்தில் விழும் விகிதம், வழக்கமான பராமரிப்பு தந்த இல்லங்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2021-இல் வெளியானது. எல்லார் கையிலும் ஒரு மஞ்சள் பட்டை கட்டி "விழும் அபாயம்" என்று எழுதிவைப்பதால் இது நடக்காது. இவருக்கு என்ன, அவருக்கு என்ன என்று பார்ப்பதால்தான் நடக்கும்.

கழிவறை விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அவசரத்தில் எழுவதுதான் பல விழுதல்களின் தொடக்கம். ஒருவர் வழக்கமாக எந்த நேரத்தில் எழுகிறார் என்று மூன்று நாள் குறித்துவைத்தால் போதும், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் "வாங்கம்மா, போயிட்டு வந்துடலாம்" என்று கூப்பிடலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆள் வேண்டும், ஆளுக்கு நேரம் வேண்டும். இரவு ஷிஃப்டில் ஆள் குறைவாக வைத்துவிட்டு விழுவதைக் குறைக்கிறோம் என்று எந்த இல்லமும் சொல்ல முடியாது.

உணவும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 இல்லங்களில், 7,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், பால், தயிர், சீஸ் கூடுதலாகக் கொடுத்த இல்லங்களில் எலும்பு முறிவுகள் 33 சதவீதமும் இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதமும் விழுவது 11 சதவீதமும் குறைந்தன. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதும் பராமரிப்பு இல்லங்களில் பலன் தருகிறது.

## விழுந்தாலும் உடையாமல் இருக்க

என்ன செய்தாலும் சிலர் விழத்தான் செய்வார்கள். அப்போது காயத்தைக் குறைப்பது இரண்டாவது வேலை. இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் விழுவதால் வருபவை. இடுப்புக் கவசம் என்பது இரு பக்கமும் பட்டை வைத்துத் தைத்த உள்ளாடை, விழும் வேகத்தை எலும்பிலிருந்து திசைதிருப்பிவிடும். போட்டிருந்தால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் வெக்கை, இறுக்கம், கழிவறைக்குப் போகும் அவசரம் எல்லாம் சேர்ந்து பலர் கழற்றிவிடுகிறார்கள். தரையோடு தாழும் கட்டிலும் அதன் பக்கத்தில் மெத்தைப் பாயும் உருண்டு விழுபவருக்கு உதவும், எழுந்து நடப்பவருக்கு அதே பாய் தடுக்கும். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்க்கு (எலும்புப்புரை) மருந்து தேவையா என்றும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

## விழுந்த அந்த நிமிடம்

உடனே தூக்காதீர்கள். அன்பினால் செய்யும் பெரிய தவறு அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பதில் தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். கழுத்து வலி, தலையில் அடி, ரத்தக்கசிவு இருக்கிறதா, கை கால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையானதுபோல், பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், அவர் நன்றாகப் பேசினாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்டைக்குள் கசியும் ரத்தம் சில சமயம் நாட்கள் கழித்து, வாரங்கள் கழித்துக்கூட வெளித்தெரியும், ஆகவே விழுந்த பிறகு வரும் தூக்கக்கலக்கத்தையும் குழப்பத்தையும் "வயசு" என்று தள்ளக் கூடாது.

தரையில் நெடுநேரம் கிடப்பதும் தனி ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், எலும்பு உடையாவிட்டாலும், உடல் குளிர்ந்து, தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கி, புண் உண்டாகி, ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்து பயம். விழுந்தவர் நடக்கப் பயப்படுவார், நாமும் "வேணாம், உட்காருங்க" என்போம், நடை குறையும், தசை குறையும், மறுபடி விழுவார். இரண்டு மூன்று நாளுக்குள், ஆள் துணையோடு, பழைய தூரத்தில் பாதியாவது நடக்கவைப்பது காயத்துக்கு மருந்து போடுவதுபோல அவசியம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை.

## போன் வந்தால் என்ன கேட்பது?

எத்தனை மணிக்கு? எழும்போதா, திரும்பும்போதா, உட்காரும்போதா? என்ன செய்யப் போனார்? காலில் என்ன இருந்தது, வாக்கர் எங்கே இருந்தது? கடைசியாக எப்போது கழிவறைக்குப் போனார்? இந்த வாரம் புது மருந்து ஏதாவது? படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தீர்களா? கோபமாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பதில் சொல்வார், உண்மை வராது. சேர்ந்து தேடுகிற குரலில் கேட்டால் இரவு டியூட்டிப் பெண்ணே "அவங்க எப்பவும் நாலு மணிக்கு எழுந்துடுவாங்க சார்" என்று சொல்வார்.

பெரியம்மா விஷயத்தில் அப்படித்தான் தெரிய வந்தது. இரண்டு முறையும் அதிகாலை நான்கு மணியையொட்டி. நீர் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், டாக்டர் அதைக் காலைக்கு மாற்றினார். பெரியம்மாவுக்கு இடது கால் பலவீனம், கட்டிலோ இடது பக்கமாக இறங்கும்படி சுவரோரம் போடப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டார்கள், இறங்கும் பக்கத்தில் வாக்கர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு நீல டேப் ஒட்டினார்கள். மூன்றரை மணிக்கு ஒருவர் வந்து எழுப்ப ஆரம்பித்தார்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை விழுந்தார், மதியச் சாப்பாடு முடிந்து மேசையிலிருந்து எழும்போது. அடி இல்லை. அன்று இல்லத்திலிருந்து போன் செய்த நர்ஸ், நான் கேட்பதற்கு முன்பே நேரம், எழுந்த விதம், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் எடுத்த பிரஷர் எண்கள் என்று வரிசையாகப் படித்தார். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.